கல்ராடியாவில் பேரரசு நடத்துதல்: தோழர்கள், பிரபுக்கள், மானியங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருக்கியின் அங்காரா நகரைச் சேர்ந்த டேல்வேர்ல்ட்ஸ் நிறுவனம் 2010இல் வெளியிட்ட ‘மவுண்ட் அண்ட் பிளேட்: வார்பேண்ட்’ என்ற கணினி ஆட்டத்தைப் பற்றியவை கீழே உள்ள கேள்விகள். 1257ஆம் ஆண்டில் தொடங்கும் இந்த ஆட்டத்தில், ஒற்றைக் குதிரையுடன் கல்ராடியா என்ற கற்பனை நிலப்பரப்புக்குள் நுழையும் ஒருவர், ஸ்வாடியா, ரோடாக், நோர்ட், வேகிர், கெர்கிட், சர்ரானிட் என்னும் ஆறு அரசுகளுக்கிடையே தமக்கென ஓர் ஏழாவது அரசை நிறுவ முடியும். வாள் வீசவும் கோட்டை ஏறவும் சில வாரங்களில் கற்றுக்கொண்டுவிடலாம். ஆனால் பிடித்த நிலத்தைக் கையில் வைத்திருப்பதில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். எனவே போர்க்களத்துக்கு வெளியே நடப்பவற்றுக்கு மட்டுமே இங்கு விடை தருகிறேன்.

தோழர்கள் எத்தனை பேர்? அவர்களை எங்கே தேடுவது?

உங்கள் படையில் சேர்த்துக்கொள்ளக்கூடிய, தனிப் பெயரும் குணமும் கொண்ட பாத்திரங்களே தோழர்கள். மொத்தம் 16 பேர். நகரங்களின் மதுவிடுதிகளில் அமர்ந்திருப்பார்கள். ஒரே இடத்தில் தங்காமல் அவ்வப்போது நகர் மாறுவார்கள். மதுவிடுதிகளில் தென்படும் பயணிக்குச் சிறு தொகை கொடுத்தால், குறிப்பிட்ட தோழர் எந்த நகரில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவார். ஊர் ஊராக அலைவதைவிட அது மலிவு. தோழர்கள் போரில் சாவதில்லை, மயங்கி விழுவார்கள், அவ்வளவுதான். ஆனால் உங்கள் படை முறியடிக்கப்பட்டு நீங்கள் சிறைப்பட்டால் அவர்கள் சிதறிப்போகக்கூடும். பிறகு மறுபடியும் தேடிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

தோழர்கள் ஏன் ஒருவரோடொருவர் சண்டையிட்டுக்கொண்டு விலகிப்போகிறார்கள்?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கேட்கப்படுகிறது. விடை எளிதாக நினைவில் நிற்கக்கூடியது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு தோழருக்கும் பிடித்தவர் ஒருவர், பிடிக்காதவர் இருவர் உண்டு. பிடித்தவர்கள் இருவர் இருவராக எட்டு இணைகளாக அமைகிறார்கள்: போர்ச்சா–மார்னிட், ஃபிரெண்டிஸ்–ஜெரெமஸ், புண்டுக்–கத்ரின், தெஷாவி–கிளெத்தி, அலாயென்–இமிரா, நிசார்–மத்தெல்ட், ரோல்ஃப்–பஹேஷ்தூர், ஆர்ட்டிமென்னர்–லெசாலிட்.

பகை உறவுகளைத் தாளில் வரைந்து பார்த்தால் அவை இரண்டு வளையங்களாகத் தெரியும். சிறிய வளையத்தில் அலாயென், மார்னிட், பஹேஷ்தூர், கத்ரின், ஃபிரெண்டிஸ், நிசார் ஆகிய ஆறு பேர் இதே வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் இருபுறமும் நிற்பவர்களோடு ஒத்துப்போவதில்லை, கடைசியில் நிற்கும் நிசார் முதலில் நிற்கும் அலாயெனோடு ஒத்துப்போவதில்லை. பெரிய வளையத்தில் ஆர்ட்டிமென்னர், ஜெரெமஸ், மத்தெல்ட், இமிரா, லெசாலிட், புண்டுக், ரோல்ஃப், தெஷாவி, போர்ச்சா, கிளெத்தி ஆகிய பத்துப் பேர் அதே முறையில் நிற்கிறார்கள். கிளெத்தியின் மறுபக்கத்தில் மீண்டும் ஆர்ட்டிமென்னர் வருகிறார். ஒவ்வொரு வளையத்திலும் ஒருவர் விட்டு ஒருவராகத் தேர்ந்தெடுத்தால், சிறியதில் மூவரும் பெரியதில் ஐவருமாக எட்டுப் பேர் பூசலே இல்லாமல் உடன் வருவார்கள். எட்டுக்கு மேல் பகையில்லாத அணி அமைக்க வழியே இல்லை.

அப்படியானால் எந்த எட்டுப் பேர் சிறந்தவர்கள்?

நான் பெரும்பாலும் வைத்துக்கொள்வது அலாயென், பஹேஷ்தூர், ஃபிரெண்டிஸ், ஜெரெமஸ், இமிரா, புண்டுக், தெஷாவி, கிளெத்தி ஆகியோரை. இதில் அலாயெனுக்கு இமிராவும், ஃபிரெண்டிஸுக்கு ஜெரெமஸும், தெஷாவிக்குக் கிளெத்தியும் துணையாக இருப்பதால் அணியின் மனநிலை நன்றாக இருக்கும். மருத்துவம் அறிந்த ஜெரெமஸ் உள்ளே இருப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். இதன் குறை, பொறியியல் அறிந்த ஆர்ட்டிமென்னரும் படைப்பயிற்சியில் தேர்ந்த லெசாலிட்டும் வெளியே நின்றுவிடுவது. முற்றுகைகளையே நம்பி ஆடுபவர்கள் அலாயென், பஹேஷ்தூர், ஃபிரெண்டிஸ், ஆர்ட்டிமென்னர், மத்தெல்ட், லெசாலிட், ரோல்ஃப், போர்ச்சா என்ற அணியை அமைக்கலாம். அதில் மருத்துவத்தை இன்னொருவருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

பகையில்லாத அணி வைத்திருந்தும் ஒருவர் விலகிவிட்டார். ஏன்?

தோழர்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு உள்ள பிடித்தமும் வெறுப்பும் தவிர, உங்கள் செயல்களைப் பற்றியும் கருத்து உண்டு. கிராமத்தைக் கொள்ளையிடுவது, போர்க்களத்தில் வீரர்களை விட்டுவிட்டு ஓடுவது, உணவு தீர்ந்துபோக விடுவது, சம்பளம் கொடுக்கத் தவறுவது, ஏற்ற பணியை முடிக்காமல் விடுவது, வெற்றிக்காக அளவுக்கு மீறிய உயிர்களைப் பலிகொடுப்பது ஆகியவற்றில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் பொறுக்கமாட்டார்கள். இமிராவையும் ஜெரெமஸையும் உடன் வைத்துக்கொண்டு கிராமங்களை எரித்துப் பிழைக்க முடியாது. மத்தெல்ட் உடனிருக்கும்போது புறமுதுகிடக் கூடாது. அவர்கள் குறை சொல்ல வரும்போது நிதானமாகக் கேட்டு மதிப்புடன் பதிலளியுங்கள். அப்படியும் ஒருவர் போய்விட்டால் உறவு முறிந்துவிட்டது என்று பொருளல்ல, பிறகு ஏதாவதொரு மதுவிடுதியில் கண்டு மீண்டும் அழைக்கலாம்.

தோழர்களின் திறன்களை எப்படிப் பங்கிடுவது?

அறுவை மருத்துவம், காயம் ஆற்றுதல், முதலுதவி, வழிகாணல், பொறியியல், போர்த்தந்திரம், வணிகம் போன்றவை அணித் திறன்கள். அணியில் யாரிடம் அது மிகுதியோ அவருடைய அளவே முழு அணிக்கும் கணக்கில் வரும். ஆகவே ஐந்து பேர் அரைகுறை மருத்துவர்களாக இருப்பதில் பயனில்லை, ஒருவர் தேர்ந்த மருத்துவராக இருந்தால் போதும். அதே திறன் உங்களுக்கும் 2 முதல் 4 வரை இருந்தால் 1 புள்ளியும், 5 முதல் 7 வரை இருந்தால் 2 புள்ளியும், 8 அல்லது 9 இருந்தால் 3 புள்ளியும், 10 இருந்தால் 4 புள்ளியும் கூடுதலாகச் சேரும். எந்தத் திறனும் அதற்குரிய அடிப்படைப் பண்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயராது என்பதால், மருத்துவருக்கு நிலை உயரும்போதெல்லாம் அறிவுப் பண்பையே முதலில் கூட்டுங்கள்.

அறுவை மருத்துவத்தின் ஒவ்வொரு புள்ளியும், வெட்டுண்டு விழும் வீரர் சாகாமல் மயங்கி மட்டுமே கிடப்பதற்கான வாய்ப்பை 4 விழுக்காடு உயர்த்துகிறது. பல மாதங்கள் பயிற்றுவித்த குதிரை வீரர்களை இழக்காமல் காப்பது கவசத்தைவிட இந்தப் புள்ளிகள்தான்.

என் அரசை எப்போது அறிவிக்கலாம்?

நினைப்பதைவிடப் பிந்தி. எந்த அரசிலும் சேராமல் ஒரு கோட்டையைப் பிடித்தவுடன் உங்களை மன்னர் என்று அழைத்துக்கொள்ள ஆட்டம் வழிவிடுகிறது. முதன்முறை நானும் அப்படித்தான் ஒரு சிறு மலைக்கோட்டையைப் பிடித்து, கொடி ஏற்றி, மகிழ்ந்தேன். என் பக்கம் ஒரு பிரபு கூட இல்லை, எந்த மன்னரும் என்னை மன்னராக மதிக்கவில்லை. நான் மேற்கே போனால் கிழக்கே முற்றுகை, கிழக்கே திரும்பினால் மேற்கே கொள்ளை. எந்த ஒரு போரிலும் தோற்காமலே அந்த அரசை இழந்தேன். அன்றிலிருந்து ஒன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை: இந்த ஆட்டத்தில் மனிதர்களை முதலில் சேர்த்துக்கொண்டு நிலத்தைப் பிறகுதான் பிடிக்க வேண்டும்.

அறிவிப்பதற்கு முன் மூன்று இருக்க வேண்டும்: ஓரளவு ஆட்சியுரிமை மதிப்பு, உங்களோடு வரத் தயாராக இருக்கும் நான்கைந்து பிரபுக்களின் நட்பு, போர் நின்றாலும் நிற்காத வருமானம்.

ஆட்சியுரிமை மதிப்பு என்பது என்ன? அதை எப்படி உயர்த்துவது?

நீங்கள் அரியணைக்கு உரியவர் என்று மற்றவர்கள் எவ்வளவு ஏற்கிறார்கள் என்பதற்கான அளவு அது. குறைவாக இருந்தால் பிரபுக்கள் உங்களிடம் வரத் தயங்குவார்கள், மன்னர்கள் சமாதானத்துக்கு இணங்கமாட்டார்கள். அதை உயர்த்தும் முதன்மையான வழி தோழர்களை அனுப்புவதுதான். ஒவ்வொரு தோழருக்கும் செல்வாக்குள்ள பகுதி ஒன்று உண்டு, அங்கே சென்று உங்கள் உரிமையைப் பரப்பித் திரும்புவார். ஒருவர் ஒருமுறை மட்டுமே இதைச் செய்வார் என்பதால், 16 பேரையும் எப்போதாவது ஒருமுறை அணியில் சேர்த்து இந்தப் பணியை முடிக்கவைப்பது பயனுள்ளது. பிரபுக் குடும்பத்துப் பெண்ணை மணப்பதும், பிற மன்னர்களிடமிருந்து ஏற்பைப் பெறுவதும் இதைக் கூட்டும்.

முற்றுகைக்கு முந்தின நாள் மருத்துவரைத் தூது அனுப்பிவிட்டு வருந்துவோர் பலர். தோழர்கள் திரும்பப் பல நாட்கள் ஆகும், அதுவரை அவர்களுடைய திறன் உங்களுக்கு இல்லை. எனவே இந்தப் பயணங்களை எல்லாம் அரசு தொடங்குவதற்கு முன்பான அமைதிக் காலத்திலேயே முடித்துவிடுங்கள்.

பிரபுக்களின் குணத்தை எப்படி அறிவது? அது உண்மையில் முக்கியமா?

முக்கியம் மட்டுமல்ல, உங்கள் அரசின் ஆயுளையே அது முடிவு செய்கிறது. நல்லியல்புடையவர், நேர்மையாளர், போர்க்குணமுடையவர், சூழ்ச்சிக்காரர், தன்னையே நியாயவானாக எண்ணுபவர், சண்டைக்காரர், ஒழுக்கம் கெட்டவர் எனப் பிரபுக்களின் குணங்கள் பலவகை. அவர்கள் பேசும் விதத்திலேயே இது வெளிப்படும். தோற்ற எதிரியைப் பாராட்டுபவர் யார், முதல் சந்திப்பிலேயே வசை பொழிபவர் யார் என்று கவனித்துக் குறித்து வையுங்கள்.

உங்கள் கௌரவ மதிப்பு உயர உயர நல்லியல்புடையவர்களும் நேர்மையாளர்களும் நெருங்குவார்கள். சண்டைக்காரர்களும் ஒழுக்கம் கெட்டவர்களும் அதே அளவில் விலகுவார்கள். இரு வகையினரையும் ஒருங்கே திருப்திப்படுத்த முயல்வது வீண். நான் எப்போதும் முதல் வகையினரையே தேர்வேன். அவர்கள் எண்ணிக்கையில் குறைவுதான், ஆனால் ஒருமுறை வந்துவிட்டால் எளிதில் போகமாட்டார்கள். ஒழுக்கம் கெட்ட பிரபு எவ்வளவு பெரிய படையோடு வந்தாலும், அடுத்த மானியம் (மன்னர் பிரபுவுக்கு ஆளக் கொடுக்கும் கிராமம், கோட்டை அல்லது நகரம்) வேறொருவருக்குப் போகும் நாள்வரைதான் உங்களுடையவர்.

பிரபுக்களின் நட்பை எப்படிச் சம்பாதிப்பது?

சிறைப்பிடித்த பிரபுவைப் பணயத்தொகை வாங்காமல் விடுதலை செய்வது முதல் வழி. கையில் வரவேண்டிய டெனார்களை (ஆட்டத்தின் நாணயம்) விடுவது கடினம்தான். ஆனால் கௌரவமும் கூடுகிறது, அவருடைய நன்றியும் கிடைக்கிறது. தோற்றுக்கொண்டிருக்கும் பிரபுவின் போரில் புகுந்து அவரைக் காப்பது அடுத்தது. எதிரியின் நிலவறையில் கிடப்பவரை உள்ளே புகுந்து மீட்டுக்கொண்டு வருவதற்கு ஈடாக எதுவும் இல்லை, ஆபத்தும் அதில்தான் மிகுதி. பிரபுக்கள் தரும் சிறு பணிகள் சலிப்பூட்டினாலும், ஒரு பேரரசின் கீழ்ப் பிரபுவாக இருக்கும் ஆரம்ப ஆண்டுகளில் அவைதான் நட்பின் அடித்தளம். மணமான பின் விருந்துகள் நடத்தலாம். வீட்டில் பலவகை உணவுப்பொருள்கள் இருந்தால் விருந்து சிறக்கும், வந்தவர்களின் உறவும் உயரும். விருந்துக்குப் பிரபுக்கள் கூடும்போது எல்லையில் ஆளில்லாமல் போகும் என்பதால், போர் நடக்கும் காலத்தில் விருந்து வைக்காதீர்கள்.

மற்ற மன்னரின் பிரபுவை என் பக்கம் இழுப்பது எப்படி?

அவரைத் தனியாகச் சந்தித்து, தம் மன்னரைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்பதிலிருந்து பேச்சு தொடங்கும். தம் மன்னரிடம் மனக்கசப்புள்ளவர், மானியம் இல்லாதவர், உங்களிடம் ஏற்கெனவே நட்புள்ளவர் ஆகியோரையே நாடுங்கள். உங்களுடைய இணங்கவைக்கும் திறன் இங்கே பெரிதும் உதவும். நீங்கள் ஏன் அரசராக வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் சொல்லவேண்டி வரும்: அரியணை உரிமை, கல்ராடியாவை ஒன்றிணைத்தல், எளிய மக்களைக் காத்தல், பிரபுக்களின் உரிமையைக் காத்தல், சேர்வோருக்கு வெகுமதி என்பவற்றுள் ஒன்று. நல்லியல்புடையவர் எளிய மக்களைக் காக்கும் பேச்சுக்கு இளகுவார். ஆனால் ஆளுக்கொரு காரணம் சொன்னால், உங்கள் பேச்சின் முரண் வெளிப்பட்டு நம்பிக்கை குறையும். தொடக்கத்திலேயே ஒரு காரணத்தைத் தேர்ந்து அதையே எல்லாரிடமும் சொல்லுங்கள். எந்தக் குணத்தவர் உங்களுக்கு வேண்டும் என்பதை முன்பே தீர்மானிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மானியங்களை எப்படிப் பகிர்ந்தளிப்பது?

ஒரு கோட்டையை ஒருவருக்குக் கொடுத்தால் அவருடைய உறவு உயரும். அதை எதிர்பார்த்திருந்த மற்றவர்களின் உறவு குறையும். இந்தக் கணக்கிலிருந்து எந்த மன்னரும் தப்ப முடியாது. என் முறை இதுதான்: மானியம் இல்லாதவர் ஒருவர் இருக்கும்வரை ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு இரண்டாவது தருவதில்லை. அப்படிச் செய்தால் மனக்கசப்பு பரவலாக இருந்தாலும் ஆழமாக இருப்பதில்லை. கிராமத்தைக்கூட மானியமாகத் தரலாம் என்பதை மறந்து, நகரங்களை மட்டுமே பங்கிட முயல்பவர்கள் விரைவில் கொடுக்க ஒன்றுமில்லாமல் நிற்கிறார்கள்.

எல்லாவற்றையும் தாமே வைத்துக்கொள்வதும் உதவாது. கையிலுள்ள மானியங்கள் ஒரு வரம்பைத் தாண்டியதும் வரி வசூலில் கசிவு தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் அது கூடிக்கொண்டே போகும். காவற்படையினரின் சம்பளம், உடன் வரும் படையினரின் சம்பளத்தில் பாதிதான் என்றாலும், ஐந்தாறு கோட்டைகளின் பாதிகள் சேர்ந்து வாரக் கணக்கை விழுங்கிவிடும்.

தோழர்களையே பிரபுக்களாக ஆக்கலாமா?

ஆக்கலாம். மன்னரான பின் ஒரு தோழருக்கு மானியம் கொடுத்தால் அவர் பிரபுவாகித் தம் படையோடு தனியே செல்வார். நெடுநாள் உடனிருந்தவர் என்பதால் உங்களிடம் பற்று மிகுதி. ஆனால் குதிரைத் திருடனாக வாழ்ந்த போர்ச்சா, வணிகரான மார்னிட், படைவீரரான புண்டுக் போன்ற எளிய பிறப்பினருக்கு நிலம் கொடுத்தால் பரம்பரைப் பிரபுக்கள் முகம் சுளிப்பார்கள். அலாயென், லெசாலிட், மத்தெல்ட் போன்ற உயர்குடியினருக்குக் கொடுக்கும்போது அந்த எதிர்ப்பு எழாது. ஆகவே இந்த மூவரையும் கடைசிவரை அணியிலோ அருகிலோ வைத்திருந்து, முதல் மானியங்களை அவர்களுக்குத் தருவதே என் பழக்கம். போர்ச்சாவுக்கும் கொடுக்கத்தான் ஆசை, அரசு வேரூன்றிய பிறகு கொடுத்திருக்கிறேன்.

அமைச்சராக யாரை வைப்பது?

மணமாகியிருந்தால் வாழ்க்கைத்துணையை. தோழரை அமர்த்தினால் அவருடைய திறன் அணிக்குக் கிடைக்காது. பிரபுமீது துரோகக் குற்றம் சாட்டுவது போன்றவையெல்லாம் அமைச்சர் வழியாகவே நடக்கும்.

துரோகம் செய்யக்கூடிய பிரபுவை விலக்கிவிடலாமா?

விலக்கலாம், மானியமும் உங்களிடம் திரும்பும். ஆனால் அவருடைய நண்பர்கள் உங்கள்மேல் சினம் கொள்வார்கள். முதலில் அவருக்கு நட்புள்ளவர்கள் யார் என்று பாருங்கள். நண்பரற்ற சண்டைக்காரர் என்றால் தயங்க வேண்டாம்.

வருமானத்துக்கு வரியைத் தவிர வழி உண்டா?

நகரங்களில் தொழிற்கூடங்கள் நிறுவலாம், நகருக்கு ஒன்று. சாயப்பட்டறைக்கு 10,000 டெனார் ஆகும், ஆனால் வெல்வெட் துணி தரும் வாராந்தர ஆதாயம் பெரும்பாலும் மற்றவற்றைவிட அதிகம். ஒரு நாட்டோடு போர் மூண்டால் அந்நாட்டு நகரங்களிலுள்ள தொழிற்கூடங்களின் வருமானம் நின்றுவிடும். ஆகவே பல நாடுகளில் பரப்பி வையுங்கள். அரசை அறிவிப்பதற்கு முன்பே இதைச் செய்து முடித்தால், முதல் போரின் சுமையை இவையே பெருமளவு தாங்கும்.

சொந்த அரசு இல்லாமல், அரியணை கோருபவர் ஒருவருக்குத் துணைநிற்பது எளிதா?

எளிது. ஒவ்வொரு அரசிலும் அரியணைக்கு உரிமை கோரும் ஒருவர் வேற்றரசுகளின் அவைகளில் அடைக்கலம் புகுந்திருக்கிறார். ஸ்வாடியாவின் ஹார்லாஸ் மன்னருக்கு எதிராக இசோலா அம்மையார், நோர்ட் மன்னர் ராக்னருக்கு எதிராக லெத்வின், வேகிர் மன்னர் யாரோக்லெக்குக்கு எதிராக வால்டிம் என அறுவர் உண்டு. பிரபுக்களை இணங்கவைக்கும் கலையைப் பழக இதைவிட நல்ல பள்ளி இல்லை. ஏனெனில் உரிமைக்கான வாதம் உங்களுக்காக அல்லாமல் அவருக்காக நிற்கிறது. வெற்றி பெற்றபின் அரியணை அவருடையது, நீங்கள் அவருடைய பிரபு.

‘பேனர்லார்ட்’ ஆட்டத்துக்கும் இவை பொருந்துமா?

ஒரு பகுதிதான். 2020இல் முன்னோட்டமாகவும் 2022 அக்டோபரில் முழுமையாகவும் வெளிவந்த, இதே வரிசையின் அடுத்த ஆட்டமான அது, வார்பேண்டுக்கு 173 ஆண்டுகள் முந்தைய 1084இல் நடக்கிறது. அங்கே பிரபுக்கள் குலங்களாக இயங்குகிறார்கள், பிடித்த நிலம் யாருக்கு என்பது செல்வாக்குப் புள்ளிகளைச் செலவிட்டு வாக்கெடுப்பில் முடிவாகிறது. அந்த 16 பேரைப் போன்ற நிலையான தோழர்கள் அங்கில்லை. இருப்பவர்களும் போரில் இறக்கக்கூடும். வெவ்வேறு பண்பாட்டு நகரங்களை ஆளும்போது மக்களின் பற்றுதல் குறைவதால், அந்த நகரின் பண்பாட்டைச் சேர்ந்த தோழரையே ஆளுநராக அமர்த்த வேண்டும். கைதான பிரபுவை விடுவிப்பதும், ஒரே ஆளிடம் நிலம் குவியாமல் பார்த்துக்கொள்வதும் மட்டும் இரண்டு ஆட்டங்களிலும் ஒரே பயனைத் தருகின்றன.